கடற்கரை விடுமுறை: காசு செலவழிக்காமல் குடும்பத்தோடு நாளைக் கழிக்க முழுமையான வழிகாட்டி

கடற்கரைக்குக் குடும்பத்தோடு புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். நிதானமாகச் சாப்பிட்டு, நிதானமாகக் கிளம்பி, 11 மணிக்கு மணலில் கால் வைப்பார்கள். அதற்குள் மணல் சுட ஆரம்பித்திருக்கும். நண்டுகள் வளைக்குள் போயிருக்கும். நீர் இறங்கும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் பாறைக் குட்டைகள் பல நாள்களில் நீரில் மூழ்கியிருக்கும். குழந்தைகள் கொஞ்ச நேரம் அலையில் நனைந்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள். பெரியவர்களிடம் பதில் இருக்காது. படகுச் சவாரிக்கும் கடைகளுக்கும் பணம் போவது அப்போதுதான்.

கடற்கரையில் இலவசமாகச் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையைக் கடலும் வெயிலும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. அதனால் எந்த வேளையில் எதைச் செய்வது என்ற வரிசையிலேயே இந்த வழிகாட்டி போகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும்.

1. நீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் முந்தின நாளே பாருங்கள்

மற்ற எல்லாத் திட்டமும் இதற்குப் பிறகுதான். இணையத்தில் ஏற்றவற்ற அட்டவணை தேடி, நீங்கள் போகும் கரைக்கு மிக அருகில் உள்ள துறைமுகத்தின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் மிகக் கீழே இறங்கும் நேரத்தை, அதாவது தாழ்நீர் நேரத்தை, குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி நாளை அமையுங்கள்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் 2 முறை ஏறி 2 முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்றைய நிலை நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும். முதல் நாள் காலை 7 மணிக்குப் பாறைகள் வெளியே தெரிந்தன என்று நான்காம் நாளும் 7 மணிக்கே போனால், 9:30 வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதியவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதில்தான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். பாறைக் குட்டைகளைப் பார்ப்பதுதான் முக்கிய ஆசை என்றால் விடுமுறையையே அந்த நாள்களை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரைநிலா நாள்களில் வித்தியாசம் குறைவு.

அட்டவணை கிடைக்காவிட்டால் ஒரு குச்சி போதும். சில நிமிடம் நின்று, வரும் அலைகளில் எது அதிக தூரம் ஏறுகிறது என்று பார்த்து அங்கே குச்சியை நடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குச்சியைத் தாண்டி அலை வந்தால் நீர் ஏறுகிறது. ஒரே ஓர் அலையை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டு ஓயும்.

தாழ்நீர் காலையில் வந்தால் குட்டைகளுக்கு முதலில் போய்விட்டு மணல் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மாலையில் வந்தால் காலையில் நண்டு, பறவைகளின் தடம் பார்ப்பது, மாலையில் குட்டைகள். நட்ட நடுப்பகலில் வந்தால் அன்றைக்குக் குட்டைகளை விட்டுவிடுங்கள். நிழலே இல்லாத பாறையில் உச்சி வெயிலில் குழந்தைகளை நிறுத்துவது வேண்டாத வேலை.

ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாத கடல்களும் உண்டு. அங்கே இந்தப் பகுதியை விட்டுவிட்டு வெயிலையும் காற்றையும் மட்டும் கணக்கில் எடுங்கள்.

2. வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டியவை

கரையில் போய்க் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் பாதி வீட்டில் சும்மா கிடப்பவை. மூட்டையைக் குறைவாகக் கட்டுங்கள், ஆனால் இவை இருக்கட்டும்:

- ஒரு வாளி, ஒரு கரண்டி அல்லது சிறு மண்வெட்டி, அடிப்பகுதி வெட்டிய சில பிளாஸ்டிக் கோப்பைகள். கோட்டை கட்டுவதற்கு இவையே அச்சு.
- பூதக்கண்ணாடி. இது ஒன்று இருந்தால் நடுப்பகல் முழுக்க ஓடிவிடும்.
- பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காந்தம்.
- அடிப்பக்கம் தெளிவாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. நீரின் மேல் வைத்து உள்ளே பார்ப்பதற்கு.
- பிடிப்புள்ள பழைய செருப்போ ஷூவோ, ஆளுக்கு ஒன்று. பாறையில் வெறுங்காலோடு போகக் கூடாது.
- தொப்பி, கைநீளச் சட்டை, சன்ஸ்கிரீன், வேண்டிய அளவு குடிநீர், கால் கழுவத் தனியாக ஒரு புட்டி நல்ல தண்ணீர்.
- டார்ச், குப்பைக்கு ஒரு பை, ஈரத் துணிக்கு ஒரு பை, கொஞ்சம் பவுடர். பவுடர் எதற்கு என்பது கடைசிப் பகுதியில் வரும்.

சன்ஸ்கிரீனை மணலில் இறங்கிய பிறகு தடவாதீர்கள். வெயிலுக்குப் போவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே அறையில் தடவ வேண்டும். மணல் ஒட்டிய உடம்பில் அது சரியாகப் பரவாது, குழந்தையும் நின்று காட்டாது. அதற்கப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரில் இறங்கி எழுந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு நிழலும் துணியும்தான் சரி.

3. வந்ததும் முதல் கால் மணி நேரம் நீரில் இறங்காதீர்கள்

குழந்தைகள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. இந்தக் கால் மணி நேரத்தையே ஒரு விளையாட்டாக மாற்றிவிடலாம்.

முதலில் கொடிகளையும் பலகைகளையும் தேடச் சொல்லுங்கள். பல நாடுகளில் பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கொடிகள் இரண்டுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர் கண் வைத்திருப்பார். சிவப்புக் கொடி என்றால் ஆபத்து. ஊதாக் கொடி பெரும்பாலும் ஜெல்லி மீன் போன்ற கடல் உயிரினங்களுக்கான எச்சரிக்கை. இடத்துக்கு இடம் வழக்கம் மாறும், அதனால் அங்குள்ள பலகையில் எழுதியிருப்பதே முடிவு.

அடுத்து, கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று அலைகளைப் பாருங்கள். வரிசையாக வெள்ளை நுரையோடு உடையும் அலைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கருத்து அமைதியாகத் தெரிகிறதா? நுரையும் குப்பையும் அந்த வழியாகக் கடலுக்குள் போகின்றனவா? அதுதான் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று நினைத்து புதியவர்கள் குழந்தைகளோடு சரியாக அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மூன்றாவது, ஒரு சுள்ளியையோ இலையையோ நீரில் போட்டு அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். கரையோரமாக எத்தனை அடி தள்ளிப் போயிற்று என்று குழந்தைகள் நடந்து எண்ணட்டும். குளிப்பவர்களும் அதே வேகத்தில் அதே பக்கமாக நகர்வார்கள். நீரிலிருந்து ஏறிப் பார்த்தால் விரிப்பும் அம்மாவும் காணோம் என்று சிறுவர்கள் அழுவதற்குக் காரணம் இதுதான். அதனால் தூரத்திலிருந்தே தெரியும் கட்டடம், கோபுரம், மரம் ஏதாவது ஒன்றை அடையாளமாகச் சொல்லி, "வழி தெரியாவிட்டால் இதற்கு நேராக வந்து நில்" என்று பழக்குங்கள். குடையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அதே நிறத்தில் பத்துக் குடை முளைத்துவிடும்.

4. காலையில் முதல் வேலை தடம் பார்ப்பது

இதில் முதலில் எழுந்தவருக்குத்தான் வாய்ப்பு. இரவில் நண்டும் பறவையும் நடந்து போன தடங்கள் மனிதக் கால்கள் படும்வரைதான் இருக்கும். காற்று வலுத்தால் காய்ந்த மணலில் அதற்கு முன்பே அழிந்துவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது சின்னத் தடத்துக்கும் நிழல் விழுவதால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

நீரின் விளிம்பை ஒட்டி நடக்காதீர்கள். முந்தைய ஏற்றம் விட்டுப்போன கடற்பாசி, சுள்ளி, சிப்பி எல்லாம் ஒரு கோடாகக் கிடக்குமே, அதன் வழியே மெதுவாகப் போங்கள். கடல் கொண்டுவந்து போட்டவை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நண்டு வளை கண்டால் வாயைச் சுற்றிப் பாருங்கள். புதிதாக வாரிப் போட்ட மணல் ஒரு பக்கமாகச் சிதறியிருந்தால் ஆள் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். நாலடி தள்ளி அசையாமல் உட்கார்ந்தால் முதலில் இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கும். வெப்பமண்டலக் கரைகள் சிலவற்றில் வளையைச் சுற்றி மிளகளவு மணல் உருண்டைகள் கதிர் கதிராகப் பரவியிருக்கும். சின்ன நண்டுகள் மணலை வாயில் போட்டு உணவைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி வைத்த வேலை அது. அடுத்த ஏற்றத்தில் கரைந்துவிடும்.

சிப்பி பொறுக்கும்போது அழகானதை மட்டும் தேடாமல் ஓட்டையுள்ளதைத் தேடச் சொல்லுங்கள். இரட்டை ஓட்டுச் சிப்பிகள் சிலவற்றில், கொண்டைக்குப் பக்கத்தில் துரப்பணம் போட்டதுபோல் வட்டமாக ஒரு துளை இருக்கும். வெளிப்பக்கம் அகன்று உள்ளே குறுகும். நிலா நத்தை போன்ற கொன்றுண்ணி நத்தைகள், சிப்பியின் ஓட்டினை இளக்கும் சுரப்பையும் அரம் போன்ற நாக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக் குடைந்த துளை. அதன் வழியாகத்தான் உள்ளிருந்த உயிரைத் தின்றிருக்கும். இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் சிப்பி பார்க்கும் விதமே மாறிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, கூம்பு வடிவச் சங்கை உயிரோடு கையில் எடுப்பது. கூம்பு நத்தைகளுக்கு விஷக்கொடுக்கு உண்டு, சில வகைகள் ஆளைக் கொல்லக்கூடியவை. ஈரமாக, கனமாக உள்ள கூம்புச் சங்கை யாரும் தொட வேண்டாம். இரண்டாவது, கரையில் கிடக்கும் ஜெல்லி மீனைக் குச்சி இல்லாமல் தொடுவது. செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசி, உடனே உயிர்காப்பாளரிடம் போங்கள்.

5. நீர் இறங்கும்போது பாறைக் குட்டைகள்

தாழ்நீர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். நீர் இறங்க இறங்க நீங்களும் அதன் பின்னாலேயே கீழே போகலாம். திரும்பும் நேரம் வந்ததும், அதாவது அட்டவணையில் உள்ள தாழ்நீர் நேரம் கடந்ததும், மேலே ஏறத் தொடங்குங்கள்.

"இன்னும் நீர் ஏறவே இல்லையே" என்று அங்கேயே இருப்பதுதான் பெரிய தவறு. நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தை 12 பங்காகப் பிரித்தால், முதல் மணி நேரத்தில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1 என்று தோராயமாக ஏறும். முதல் மணி நேரத்தைப் பார்த்து ஏமாந்தால், மூன்றாவது மணி நேரத்தில் திரும்பும் வழி நீரில் இருக்கும். தட்டையான கரைகளில் நீர் உங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து வழியை அடைப்பதும் உண்டு.

இறங்குவதற்கு முன் பாறையின் நிறத்தைப் பாருங்கள். நீர் இறங்கிய பிறகும் வெளிப்பாறை நனைந்து கருத்து இருந்தால் அலை அங்கே வரை அடிக்கிறது என்று அர்த்தம். கடல் பக்கமாக முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. பச்சை படிந்த இடம் வழுக்கும். வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும் இடத்தில் கால் நிற்கும், ஆனால் விழுந்தால் கிழிக்கும்.

குட்டைக்குப் பக்கத்தில் போனதும் முதலில் எதுவும் தெரியாது. அதனால் குழந்தைகள் "ஒன்றும் இல்லை" என்று அடுத்த குட்டைக்கு ஓடுவார்கள். ஓட விடாதீர்கள். உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாக உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள். நிழலைப் பார்த்துப் பதுங்கியவை மெல்ல வெளியே வரும். கல் என்று நினைத்தது நகரும். தரையில் கிடந்த சங்கு ஒன்று திடீரென்று வேகமாக நடக்கும். சங்கு நத்தை ஊரும் வேகத்தில் போகவில்லை என்றால் உள்ளே இருப்பது காலிச் சங்கில் குடியேறிய துறவி நண்டு. தெளிவான டப்பாவின் அடியை நீர்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் சிற்றலையும் பளபளப்பும் மறைந்து அடிவரை தெரியும்.

கல்லைப் புரட்டினால் அதே பக்கமாக, அதே குழியில் மெதுவாகத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயில் பட்டால் காய்ந்து சாகும். கையில் சன்ஸ்கிரீன் இருந்தால் குட்டை நீரில் கையை விட வேண்டாம். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கக் கூடாது. வாளியில் பிடித்துப் போட்டு வெயிலில் வைப்பதும் கூடாது, கொஞ்ச நேரத்தில் நீர் சூடாகிவிடும். நீல வளையங்கள் கொண்ட சின்ன ஆக்டோபஸ் வாழும் கடல் பகுதிகளில் எந்த ஆக்டோபஸையும் தொடாதீர்கள். அதன் கடி உயிருக்கு ஆபத்து.

6. நீர் ஏறத் தொடங்கியதும் மணல் வேலை

குட்டைகளை முடித்து மேலே ஏறும் நேரமே கோட்டை கட்டச் சரியான நேரம். அலை நனைத்துவிட்டுப் போன மணல் கைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அலை திரும்ப வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரமும் கையில் இருக்கும்.

கோட்டை ஏன் இடிகிறது? பெரும்பாலும் நீர் கூடிப்போவதால். மணல் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப் பாலங்கள் உருவாகி, நீரின் மேற்பரப்பு இழுவிசையால் துகள்களைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. காய்ந்த மணலில் பாலமே இல்லை. சொதசொதவென்று ஆன மணலில் இடைவெளி முழுக்க நீர் நிரம்பிவிடுவதால் அந்தப் பிடிப்பும் போய்விடும். 8 பங்கு காய்ந்த மணலுக்கு 1 பங்கு நீர் என்று ஆரம்பியுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது.

வரிசை இப்படி:

- முதலில் அகலமான மேடு. கால் வைத்து மிதித்து இறுக்குங்கள். இந்த அடித்தளத்தை விட்டுவிட்டு நேராகக் கோபுரத்துக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது.
- அடி வெட்டிய கோப்பையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்கி, பிறகு கோப்பையை மேலே உருவுங்கள்.
- பெரிய கோப்பை கீழே, சின்னது மேலே.
- செதுக்குவதை உச்சியிலிருந்து தொடங்குங்கள். கீழே முதலில் செதுக்கினால் மேலிருந்து விழும் மணல் அதை மூடிவிடும்.

நாலு வயதுக்கும் குறைந்தவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். அவர்களுக்கு நேர்மாறான வழி: மணலும் நீரும் குழம்பாகக் கலந்து, கை நிறைய எடுத்து விரல் நுனி வழியாகச் சொட்டவிட வேண்டும். சொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து கோணல்மாணலாக வளரும். கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை.

பெரிய பிள்ளைகளுக்கு அணை கட்டும் போட்டி. நீர்க்கோட்டுக்கு மேலே, பத்துக் காலடி தள்ளி, இரண்டு அணியும் ஆளுக்கொரு வளைந்த சுவர் எழுப்ப வேண்டும். ஏறி வரும் அலையில் யார் சுவர் கடைசிவரை நிற்கிறதோ அவர்களுக்கு வெற்றி. நீர் இறங்கும் நேரத்தில் இந்தப் போட்டியை வைத்தால் அலை வரவே வராது, பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

குழி தோண்டுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இருப்பவர்களில் மிகச் சின்னக் குழந்தையின் முழங்கால் ஆழம்தான் எல்லை. சுரங்கம் தோண்டக் கூடாது. மணல் குழியின் சுவர் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும், சரிந்தால் உடனே மூடிக்கொள்ளும், தோண்டத் தோண்ட மறுபடி உள்ளே விழும். உயிர்கள் போயிருக்கின்றன.

7. நீரில் இறங்கும் நேரம்

உயிர்காப்பாளர் இருக்கும் வேளையில் மட்டும். நீச்சல் தெரியாத சின்னக் குழந்தை எப்போதும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் மூன்று பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைப்பார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை மாற்றுங்கள். அந்த அரை மணி நேரம் அவர் கையில் ஃபோன் இருக்கக் கூடாது.

ஆழமற்ற இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கப் பழக்குங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். நேராக மிதித்தால்தான் வாலால் அடிக்கும்.

காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள். கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று வீசினால், பெரியவர் நீந்தித் தொடுவதற்குள் மிதவை போய்விடும்.

இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம். களைத்துப்போவதுதான் ஆளை முடிக்கும். மிதந்துகொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைக் கரையில் நிற்கும்போதே ஒருமுறை நடித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொன்னதைவிடச் செய்தது நினைவில் நிற்கும்.

8. உச்சி வெயிலில் நிழலுக்குள் செய்பவை

ஏறக்குறைய 10 மணியிலிருந்து 4 மணி வரை புற ஊதாக் கதிர்கள் கடுமை. கடிகாரம் பார்க்க வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்குள் போகும் நேரம். மேகம் மூடியிருந்தாலும் இதே கணக்குதான்.

பலர் இந்த நேரத்தை வீண் என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ நாளின் சுவாரஸ்யமான பகுதிகளில் இதுவும் ஒன்று. ஒரு சிட்டிகை மணலைக் கருப்புத் துணியிலோ காகிதத்திலோ பரப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் தெரிவது பெரும்பாலும் குவார்ட்ஸ். தட்டையான வெள்ளைச் சில்லுகள் உடைந்த சிப்பி. உறையில் போட்ட காந்தத்தை மணலில் இழுத்தால் கருப்புத் துகள்கள் சில ஒட்டும், அது பெரும்பாலும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது. உறையைக் காந்தத்திலிருந்து உருவினால் தானாக உதிரும். உறை இல்லாமல் இழுத்தால் அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

நிழலுக்கு வெளியே ஒரு குச்சியை நேராக நட்டு, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு சிப்பி வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தின் 12 மணியோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் என்று கேட்பார்கள். ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்கிறது, சூரியன் ஒவ்வோர் ஊரையும் வெவ்வேறு நேரத்தில் கடக்கிறது. அந்தக் குறுகிய நிழல் வடக்கு தெற்கையும் காட்டும்.

நிழலில் உட்கார்ந்தபடியே அலையையும் அளக்கலாம். ஓர் அலை உடைந்ததிலிருந்து பத்தாவது அடுத்த அலை உடையும்வரை எத்தனை நொடி என்று பார்த்து 10-ஆல் வகுங்கள். 5, 6 நொடி வந்தால் அக்கம்பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. 12 நொடிக்கு மேல் வந்தால் தூரக்கடலில் எங்கோ அடித்த புயற்காற்று எழுப்பி, நீண்ட தூரம் பயணம் செய்து வந்த அலை.

9. மாலைக் காற்றும் தொடுவானமும்

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் கடலிலிருந்து காற்று கரைக்கு வரும். பெரும்பாலும் பிற்பகலில் அது வலுவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். பட்டத்துக்கு அதுவே சரியான நேரம். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் பட்டம் மக்கள் தலைக்கும் மின்கம்பிக்கும் மேலே போகும், அதனால் கூட்டமில்லாத, கம்பியில்லாத பகுதியை முதலில் தேர்ந்தெடுங்கள்.

ஓடி ஆடும் ஆட்டங்களை அலை நனைத்து இறுகிய மணலில் வையுங்கள். காய்ந்த மணலில் கால் புதைந்து சின்னவர்கள் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பிறகு தொடுவானம். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கண் மட்டம் 1 மீட்டர் உயரத்தில் உள்ள குழந்தைக்கு 3.6 கிலோமீட்டர். 1.6 மீட்டர் உள்ள பெரியவருக்கு 4.5. பூமி வளைந்திருப்பதால் வந்த வித்தியாசம். தூரத்துக் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதும் அதனால்தான்.

இதையே கண்ணால் பார்க்கலாம். மேற்குக் கடலாக இருந்தால் சூரியனின் கடைசி விளிம்பு மறையும்போது மணலில் படுத்துக்கொள்ளுங்கள். மறைந்த கணத்தில் சட்டென்று எழுந்து நில்லுங்கள். சில நொடிகளுக்கு மறுபடி ஒரு துளி தெரிந்து மறையும். கிழக்குக் கடலில் விடியற்காலையில் இதைத் திருப்பிச் செய்ய வேண்டும்: நின்றுகொண்டு முதல் விளிம்பைப் பார்த்ததும் படுத்தால் இன்னொரு முறை உதிக்கும். முழுச் சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது, தொலைநோக்கி வேண்டவே வேண்டாம்.

10. இரவில் ஒரு சுற்று

அனுமதி உள்ள, பாதுகாப்பான கரை என்றால் மட்டும். நீரில் கால் வைக்காமல் மேட்டு மணலிலேயே நடங்கள். பகலில் வளைக்குள் இருந்த நண்டுகளைப் பார்க்க இதுதான் நேரம். டார்ச்சை அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் கண் பழகி நட்சத்திரங்கள் பெருகும். நடுவில் ஒருவர் ஃபோனைத் திறந்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலவில்லாத இரவில் அலை உடையும் இடத்தில் நீல ஒளி மின்னுகிறதா என்று பாருங்கள். அசைத்தால் ஒளிரும் நுண்ணுயிர்கள் நிறையச் சேர்ந்திருந்தால் தெரியும். இத்தனை மணிக்குப் போனால் உண்டு என்று சொல்ல முடியாத காட்சி, அதனால் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் டார்ச்சும் ஃபிளாஷும் கூடவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போய் வழி தவறும்.

11. இடி கேட்டால்

விவாதம் வேண்டாம், கிளம்புங்கள். இடி காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. குடைக்கடியிலோ தனிமரத்தடியிலோ ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பலாம். கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் உள்வாங்கினாலும், நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலும், வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அது ஆழிப்பேரலைக்கு அறிகுறியாக இருக்கலாம்.

12. கிளம்பும் வரிசை

கிளம்புவதற்கு அரை மணி முன்பே தொடங்குங்கள். குழிகளை மூடுவது முதல் வேலை, இருட்டில் யாரும் விழக் கூடாது. பொறுக்கிய சங்குகளை ஈர மணலில் நிழலில் பரப்பி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். உள்ளே துறவி நண்டு இருந்தால் அதற்குள் நடக்கத் தொடங்கிவிடும், அவற்றை அங்கேயே விடுங்கள். மிச்சத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். சில கரைகளில் எதையும் எடுக்கவே தடை உண்டு, பலகையைப் பாருங்கள். உங்கள் குப்பையோடு அக்கம்பக்கத்தில் கிடக்கும் நூலையும் வலைத் துண்டையும் சேர்த்துப் பையில் போட்டால் பறவைகள் சிக்காமல் இருக்கும்.

மணலை உடம்பிலிருந்து எடுக்க, ஈரமாக இருக்கும்போது துண்டால் தேய்க்காதீர்கள். தோல் சிவந்துதான் மிச்சம். முதலில் காயவிட்டு, கால் கைகளில் கொஞ்சம் பவுடர் தூவி உதறினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் தூவ வேண்டாம். மிச்சத்துக்குத்தான் அந்தப் புட்டித் தண்ணீர். ஈர உடைகளை அறைக்குப் போனதும் குழாயடியில் அலசிவிடாதீர்கள், மணல் வடிகாலை அடைக்கும். வெளியே காயப்போட்டு, நன்றாக உதறி, அப்புறம் துவையுங்கள்.